ஓட்ஸ் விதைக்கலாமா, ஒரகடத்துல?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன தடவை மண்ணைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய குரல் பதிவுகள் வந்திருந்தது. அதுல ஒண்ணுக்கு இன்னைக்கு முழுசா பதில் சொல்லப்போறேன். கேட்டவர் வேலை பார்க்கிறது சோழிங்கநல்லூர்ல. ஒரகடம் தாண்டி நாலு கிரவுண்டு இடம் வாங்கிப் போட்டிருக்கார். வீடு கட்ட அஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மண் சும்மா காயுதே, ஓட்ஸ் விதைக்கலாமான்னு கேட்கிறார். வெளிநாட்டு வீடியோ ஒண்ணுல ஓட்ஸை மூடுபயிரா போட்டு மண்ணைக் காப்பாத்துறதைப் பார்த்திருக்கார். கூடவே, "அறுத்தா காலைச் சாப்பாட்டுக்கும் ஆச்சு, மிச்சம் யாராவது மாட்டுக்குக் கொடுக்கலாம்"னும் சொல்றார்.

நல்ல கேள்விங்க. ஒரே பயிர்கிட்ட மூணு வேலை கேட்கிறார். தானியம், தீவனம், மூடுபயிர். உலகத்துல ஓட்ஸ் இந்த மூணு வேலையையும் செய்யுது, ஆனா மூணையும் ஒரே ஊர்ல செய்யறது அபூர்வம். சிங்கப்பெருமாள் கோவில்ல உக்காந்துக்கிட்டு நான் சொல்லப்போற பதில்ல பாதி "வேணாம்". மீதி பாதிக்காகத்தான் இந்த எபிசோட்.

முதல்ல நாம காலையில சாப்பிடுற ஓட்ஸ் என்னன்னு பார்த்துருவோம். அது அவல்தாங்க. நெல்லை ஊறவெச்சு, வறுத்து, இடிச்சுத் தட்டையாக்கினா அவல். ஓட்ஸ் மணியோட உமியை நீக்கி, ஆவியில வேகவெச்சு, உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கினா ரோல்டு ஓட்ஸ். ஆவி காட்டுறதுக்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கு. மத்த தானியங்களைவிட ஓட்ஸ்ல கொழுப்பு அதிகம். உமி போனதும் உள்ள இருக்கிற ஒரு நொதி அந்தக் கொழுப்பை உடைக்க ஆரம்பிக்கும், சில நாள்லயே காறல் அடிச்சிடும். சூடு காட்டினா அந்த நொதி செத்துப்போகும். நம்ம புழுங்கல் அரிசி மாதிரியேன்னு வெச்சுக்கலாம். அதனால கடையில வாங்கின ஓட்ஸை மண்ணுல தூவிட்டு முளைக்கலையேன்னு காத்திருக்காதீங்க. அது வெந்த தானியம், முளைக்காது. விதைக்கு உமியோட இருக்கிற முழு மணி வேணும். பூனை வளர்க்கிறவங்க தொட்டியில "பூனைப் புல்"னு வளர்ப்பாங்களே, அது பல நேரம் ஓட்ஸ்தான். அந்த அளவுக்குன்னா உங்க பால்கனியிலயே வளரும்.

மணி விளையறது வேற கதை. கோதுமை, பார்லி வயல்கள்ல களையா வந்து, அப்புறம்தான் பயிரா ஆன தானியம் ஓட்ஸ். கோதுமை தடுமாறுற குளிர்லயும் ஈரத்துலயும் இது நின்னு விளைஞ்சுது, அதனாலதான் வடக்கு ஐரோப்பாவுல பயிரா நிலைச்சது. அதுக்குப் பிடிச்ச வெப்பம் 15லேருந்து 25 டிகிரி. செங்கல்பட்டுப் பக்கம் மார்கழி, தை மாசத்துலயே பகல் வெப்பம் 29, 30ல நிக்கும். ராத்திரிதான் 20 கிட்ட இறங்கும். இன்னொரு சிக்கல் பகல் நீளம். நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கிற பயிர் இது. நம்ம ஊர்ல மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்ல. அதனால இலையா விட்டுக்கிட்டே நாளைக் கடத்தும். கதிர் தள்ளுற நேரத்துக்கு மாசி, பங்குனி வெயில் வந்துரும். அந்தச் சூட்டுல மணி பிடிக்காது, பதரா போகும். அப்படியே கொஞ்சம் மணி கிடைச்சாலும் உமி நீக்குற மில் இந்த வட்டாரத்துல கிடையாது. நெல்லு அரைக்கிற மில்லுல கொடுத்தா, வேற வேலையைப் பாரும்மானு அனுப்பிடுவாங்க.

தமிழ்நாட்டுல ஓட்ஸுக்கு ஒத்துவர்ற இடம்னா நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைகள்தான். குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கோதுமைக்குன்னே ஒரு நிலையம் வெச்சிருக்கு, அவ்வளவு குளிர். கீழ இருக்கிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஆக, சொந்த இடத்துல விளைஞ்ச ஓட்ஸ் கஞ்சிங்கிற கனவை இங்கேயே இறக்கி வெச்சிடுங்க. 1997ல அமெரிக்காவோட உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸ்ல இருக்கிற பீட்டா குளூக்கான் ஒரு நாளைக்கு 3 கிராம் சாப்பிட்டா இதய நோய் அபாயம் குறையலாம்னு பாக்கெட்ல போட அனுமதிச்சது. அதுக்கப்புறம்தான் உலகம் முழுக்க இது மருந்து மாதிரி விற்க ஆரம்பிச்சது. நல்ல உணவுதான், பிடிச்சா கடையில வாங்கிச் சாப்பிடுங்க.

இப்போ எனக்கு நெருக்கமான விஷயத்துக்கு வர்றேன். தீவனம்.

நம்ம ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற உத்தரப்பிரதேசத்துப் பையன் யாரையாவது கேளுங்க. கையில ஓட்ஸ் கதிரைக் கொடுத்தா அவன் சொல்ற பேர் "ஜெயி". அவனுக்கு அது மாட்டுத் தீவனம். இந்தியாவுல ஓட்ஸோட உண்மையான வாழ்க்கை அங்கதான் நடக்குது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம், மத்தியப் பிரதேசம்னு குளிர்காலப் பசுந்தீவனம் அது. ஜான்சியில 1962லேருந்து இயங்குற இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இதுக்குன்னே ரகங்கள் வெளியிட்டிருக்கு. கென்ட்னு ஒரு பழைய ரகம் இன்னைக்கும் ஓடுது. அக்டோபர், நவம்பர்ல ஹெக்டேருக்கு 100 கிலோ வரைக்கும் விதைச்சு, 50லேருந்து 60 நாள்ல முதல் அறுப்பு எடுத்துட்டு, தண்ணி விட்டா மறுபடி தழைஞ்சு வரும். ஒரு பருவத்துல ஹெக்டேருக்கு 40, 45 டன் பச்சைத் தழை எடுக்கிறாங்க. தண்டு மெல்லிசா, சாறா இருக்கும். மாடு மிச்சம் வைக்காது.

எங்க வீட்டுல நாலு மாடு இருக்கு. அம்மாதான் பார்த்துக்கிறாங்க. அதனால இந்த 45 டன்னுங்கிற எண்ணைக் கேட்டா எனக்கு வாயில எச்சில் ஊறும், மாட்டுக்கு ஊறுற மாதிரி. [சிரிப்பு]

ஏன்னு சொல்றேன். சிங்கப்பெருமாள் கோவில்லேருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் பாருங்க. 2010ல ரெனோ நிசான் தொழிற்சாலை ஒரகடத்துல திறந்தாங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனையோ வந்தது. அதைச் சுத்தி குடோன், ஹாஸ்டல், அப்புறம் மனைப்பிரிவு. இதை நான் புலம்பலா சொல்லல, எங்க தெருவுல பாதி வீட்டுக்குச் சோறு அந்த ஷிஃப்ட்லேருந்துதான் வருது. ஆனா மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல போச்சு. ஒண்ணு, மேய்ச்சல். வரப்பு, தரிசு, ஏரிக்கரைன்னு மாடு நடந்துபோய் வயித்தை நிரப்பிக்கிட்டு வந்த இடமெல்லாம் கம்பி வேலிக்குள்ள போச்சு. ரெண்டு, வைக்கோல். நெல் போடுற நிலம் குறைஞ்சதால வைக்கோலும் குறைஞ்சது. அறுவடை மெஷின் வந்தப்புறம் வைக்கோல் வயல்லயே சிதறிக் கிடக்கும். அதைச் சுருட்டிக் கட்டுற மெஷினுக்கு வாடகை, வண்டிக்கு வாடகை. இவ்வளவும் கொடுத்து வாங்குற வைக்கோல் வயித்தை நிரப்பும், அவ்வளவுதான். அதுல புரதம் ரொம்பக் குறைவு, பால் சுரக்காது. பச்சை இல்லாத குறையைத் தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம்னு காசு கொடுத்து ஈடுகட்டணும். பால் காசு அங்க போயிடும். அதனால நாலு மாடு இருந்த வீட்டுல ரெண்டாகும், அப்புறம் ஒண்ணாகும், அப்புறம் கொட்டகையில பைக் நிக்கும்.

ஜிஎஸ்டி ரோட்டுல ராத்திரி மாடு படுத்திருக்கு, பைக்ல வந்து மோதிட்டேன்னு சொல்றீங்களே, அந்தக் கதையோட இன்னொரு முனை இதுதான். கட்டிப் போட்டுப் போடத் தீவனம் இல்லாதவங்க அவிழ்த்து விடுறாங்க. அவிழ்த்து விடுறது சரின்னு நான் சொல்லல. அபராதம் போடுறாங்க, போடட்டும். ஆனா அபராதத்தால புல் முளைக்காது.

சரி, அப்போ ஓட்ஸை மணிக்காக இல்லாம தழைக்காக மட்டும் இங்க போடலாமா? கார்த்திகைக் கடைசியில விதைச்சா தையில ஒரு அறுப்பு எடுக்கலாம். ரெண்டாவது அறுப்புக்கு வெயில் விடாது. பத்து சென்டுக்கு 4 கிலோ விதை வேணும், அது வடக்கேயிருந்து வரணும். ஒரு அறுப்புக்காக இவ்வளவு தூரம் விதையை வரவழைக்கிறது எனக்கு நியாயமா படல. அதுக்குப் பதிலா நம்ம ஊர் வெயிலுக்குன்னே இங்க உருவாக்கின பயிர் இருக்கு.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ எஃப்எஸ் 29ங்கிற தீவனச் சோளம் தெரியுமா? ஒரு தடவை விதைச்சா 65 நாள்ல முதல் அறுப்பு, அப்புறம் 50 நாளைக்கு ஒரு தடவை அறுத்துக்கிட்டே இருக்கலாம். வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 170 டன்னுன்னு பல்கலைக்கழகம் சொல்லுது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ 5ன்னு சொல்வாங்க, அது 360 டன். அதுக்கு விதை கிடையாது, கரணை நடணும், தண்ணி நிறைய குடிக்கும்.

இந்த டன், ஹெக்டேர் எல்லாம் எங்க அம்மாவுக்குப் புரியாது. உங்களுக்கும் புரியாதுன்னு நினைக்கிறேன். அதனால மனை பாஷையில சொல்றேன். ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 20, 25 கிலோ பசுந்தீவனம் வேணும். கோ எஃப்எஸ் 29ஐ பத்து சென்ட்ல போட்டா, பல்கலைக்கழகக் கணக்குப்படி, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 6,900 கிலோ. நாளைக்கு 19 கிலோ சுமார். அதாவது ஒரு மாடு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அஞ்சரை சென்ட். ஆக ரெண்டு கிரவுண்டு காலி மனை, ஒரு மாட்டோட பச்சைத் தேவையை வருஷம் முழுக்கத் தாங்கும். ஆராய்ச்சி நிலையத்துல கிடைக்கிற மகசூல் நம்மகிட்ட கிடைக்காது, தண்ணியும் எருவும் குறைவு. பாதின்னு வெச்சுக்குவோம். நாலு கிரவுண்டுக்கு ஒரு மாடு. கேள்வி கேட்டவர்கிட்ட இருக்கிறது அதே நாலு கிரவுண்டு!

இந்தக் கணக்கை நான் முதல்ல போட்டப்போ, எங்க ஊரைச் சுத்தி வேலிக் காத்தான் மண்டிக் கிடக்கிற மனைப்பிரிவுகளை நினைச்சுப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் எத்தனை மாடு நிக்குதுன்னு கணக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கும் அந்த ரோட்டுல பஸ்ல போனா அதே வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. சோளத்தை இளசுல மாட்டுக்குப் போடக்கூடாது. இளஞ்சோளத்துல, அதுவும் தண்ணி இல்லாம வாடி நிக்கிற சோளத்துல, சயனைடு நஞ்சு சேரும். மாடு தின்ன கொஞ்ச நேரத்துல விழுந்துரும். கிராமத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது, நகரத்துலேருந்து புதுசா வர்றவங்களுக்குத்தான் தெரியாது. பூக்கிற பருவத்துல அறுக்கணும், கொஞ்சம் வாடவிட்டுப் போடணும். ஓட்ஸுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. யூரியா அதிகமா போட்டு, வறட்சியில நின்ன ஓட்ஸ்ல நைட்ரேட் சேர்ந்து மாட்டைச் சாய்க்கும். அதனால பச்சையா இருக்கிறதெல்லாம் நல்லதுன்னு நினைக்காதீங்க.

அப்புறம் புல் மட்டும் போட்டாப் போதாது. மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகை சேர்த்தாத்தான் புரதம் வரும். தட்டைப்பயறு போடலாம், வேலிமசால் போடலாம். வேலி ஓரமா அகத்தி வைக்கலாம். குதிரைமசால்னு ஒண்ணு இருக்கு, பேரைப் பாருங்க, குதிரைக்குப் போட்டதால வந்த பேர். அதுக்கும் குளிர்ச்சி பிடிக்கும், இந்தப் பக்கம் வேலிமசாலே போதும்.

மூடுபயிர் பத்தி. இந்த யோசனையில எனக்கு முழுச் சம்மதம், பயிர்லதான் சம்மதம் இல்ல. குளிர் நாடுகள்ல ஓட்ஸை ஏன் போடுறாங்க? இலையுதிர் காலத்துல விதைச்சா வேகமா வளர்ந்து மண்ணை மூடும். கடும் பனி வந்ததும் தானாவே செத்து, பாய் விரிச்ச மாதிரி படுத்துடும். வசந்தத்துல அதுக்குள்ளயே அடுத்த பயிரை நட்டுடுவாங்க. களைக்கொல்லிச் செலவு மிச்சம். பிரேசில்ல பனியை நம்புறதில்ல. அங்க பரனா மாநிலத்துல 1972ல ஹெர்பர்ட் பார்ட்ஸ்னு ஒரு விவசாயி, மழையில மண்ணெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு, உழுறதையே விட்டார். அந்த வழி பரவினப்போ கறுப்பு ஓட்ஸ்னு ஒரு இனம் பெரிய துணையா இருந்தது. குளிர்காலத்துல வளர்த்து, கத்தி வெச்ச உருளையால நசுக்கிப் படுக்கவெச்சு, அது மேலேயே சோயா விதைப்பாங்க.

நம்ம இடத்துலயும் பிரச்சினை அதேதான். மனைப்பிரிவு போடுறவங்க ஜேசிபி வெச்சு மேல்மண்ணை வழிச்சுச் சமப்படுத்தியிருப்பாங்க. ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு நாள் அடிக்கிற மழைக்குச் செம்மண் கரைஞ்சு ஓடி ஏரியில படியும். மழை விட்டதும் மண் சிமெண்ட் தரை மாதிரி இறுகிடும். மூடியே ஆகணும். ஆனா நமக்குப் பனி வந்து கொல்லாது, வெயில்தான் கொல்லும். நம்மகிட்ட இதுக்குப் பயிர் பஞ்சமே இல்ல. தக்கைப்பூண்டு இருக்கு. ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சு, 45 நாள்ல பூவெடுக்கும்போது மடக்கி உழுவாங்க. நீர் தேங்குற இடத்துலயும் நிக்கும். 2024ல தமிழ்நாடு அரசு "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்"னு ஒரு திட்டம் கொண்டுவந்து பசுந்தாள் உர விதைக்கு மானியம் கொடுத்தது. சணப்பு இருக்கு. நம்மாழ்வார் ஊர் ஊரா போய்ச் சொன்ன பலதானிய விதைப்பு இருக்கு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள்னு கலந்து விதைச்சு மடக்குறது. செத்த மண்ணை எழுப்ப அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

ஆனா வேலி இல்லாத மனைக்கு நான் சொல்றது கொழிஞ்சி. ஒரே காரணம், அதை மாடு கடிக்காது, ஆடும் பெரும்பாலும் தொடாது. மத்ததையெல்லாம் நீங்க சனிக்கிழமை விதைச்சு அடுத்த மாசம் வந்து பார்க்கிறதுக்குள்ள யாரோ ஒருத்தரோட ஆடு அறுவடை பண்ணியிருக்கும். கொழிஞ்சி விதைக்குத் தோல் கடினம், சும்மா போட்டா முளைக்காது. மணலோட சேர்த்து லேசா இடிச்சுத் தோலைக் கீறிவிட்டு விதைக்கணும். ஒரு தடவை பிடிச்சுட்டா விதை கொட்டி அடுத்த மழைக்குத் தானா வரும்.

அப்போ கேள்வி கேட்டவருக்கு என் யோசனை. உங்க இடத்துல கிணறோ போரோ இல்லைன்னா நேப்பியர் பக்கமே போகாதீங்க. ஆவணி, புரட்டாசியில மழையை நம்பி தீவனச் சோளமும் தட்டைப்பயறும் கலந்து விதைங்க. ஏர் ஓட்டுறது, விதைக்கிறது, அறுக்கிறது எதையும் நீங்க செய்ய வேண்டாம். பக்கத்துல மாடு வெச்சிருக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ நிச்சயம் இருப்பாங்க. விதைக்கும் உழவுக்கும் காசு உங்களுது, தழை அவங்களுது, சாணி திரும்ப உங்க மண்ணுக்குன்னு பேசிக்கோங்க. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு வீடு கட்டும்போது தோட்டத்துக்கு உங்களுக்கு நல்ல மண் மிஞ்சும். நடுவுல முள் வெட்டுற செலவும் இல்ல.

இதைச் சொன்னா உடனே வர்ற பயம் எனக்குத் தெரியும். "உள்ள விட்டா அப்புறம் வெளியே போகமாட்டாங்களே." குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லேருந்து இங்க இருக்கு, அதனால நிலம் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இந்தப் பயம் ரத்தத்துலயே ஊறியிருக்கு. பயத்தைக் கேலி பண்ண மாட்டேன். வக்கீல் ஒருத்தர்கிட்ட போய், தீவனம் அறுத்துக்க மட்டும் அனுமதின்னு காலக்கெடு போட்டு ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. ஆனா இதையும் யோசிங்க. மாட்டுக்காரங்களுக்கு வேண்டியது உங்க மனை இல்ல, சாயங்காலம் ரெண்டு கட்டுப் புல். எங்க அம்மா ஏரிக்கரையில குனிஞ்சு ஒரு கட்டு சேர்க்க ரெண்டு மணி நேரம் ஆகுது. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யாரும் கூலி கொடுக்கிறதில்ல, பால் விலையிலயும் அது சேர்றதில்ல.

விதைக்கும் ஆலோசனைக்கும் தூரமா போக வேண்டாம். காட்டாங்கொளத்தூர் பக்கம் காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. சிங்கப்பெருமாள் கோவில்லேருந்து மின்சார ரயில்ல ரெண்டாவது ஸ்டேஷன். போன் பண்ணி விதை இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. வெளிக்கடையில வாங்குறதா இருந்தா பையில சான்று அட்டை இருக்கான்னு பாருங்க, ஏன்னா கோ எஃப்எஸ் 29ன்னு பேர் எழுதி வேற சோளத்தை விக்கிறவங்க இருக்காங்க. முதல் அறுப்புக்கு அப்புறம் அது தழையவே தழையாது, அப்போதான் தெரியும்.

ஓட்ஸ் விதையைக் கூரியர்ல வரவழைச்சே தீருவேன்னா, ஒரு தொட்டியில போடுங்க. பூனை சாப்பிடும்.